பதினோரு எழுத்து

அத்தியாயம் 19

காலை எட்டேகாலுக்கு வண்டியை லாரியிலிருந்து இறக்கினார்கள்.

“மெதுவா, மெதுவா! அது எங்க வீட்டு சக்களத்தி. ஒரு கீறல் விழுந்தாலும் மூத்தவ சும்மா விட மாட்டா,” என்று லாரிக்காரரைப் பார்த்துக் கத்தினார் அப்பா.

மூத்தவள் என்று அவர் சொன்னது மருமகளை. அண்ணி கொஞ்சம் தள்ளி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் என்றால் சிரித்திருப்பாள். அந்த வண்டிக்குச் சக்களத்தி என்று பேர் வைத்ததே அவள்தான்.

பச்சை நிறம், இரண்டு கதவு. ஐம்பது வயதைத் தாண்டிய உடம்பு. அதற்குள் அந்த உடம்புக்குக் கொஞ்சமும் அடங்காத ஆறு சிலிண்டர் எஞ்சின். ஒன்பது வருஷமாக அண்ணன் அதை லாரியில் ஏற்றிப் பந்தயத் திடலுக்குக் கொண்டுபோவான், ஓட்டுவான், மறுபடி லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவான். தெருவில் ஒரு நாளும் ஓடியதில்லை. உள்ளே ஒரே ஒரு இருக்கை. அண்ணி லாரி டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போவாள்.

“ஒரே சீட்டு வண்டி வச்சிருக்கற மனுஷனுக்கு எதுக்குக் கல்யாணம்?” என்று நாலு பேர் முன்னால் கேட்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். அண்ணனும் சிரிப்பான். “அது ரோட்டுக்கு ஆகாதுடி,” என்பான். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

ஒரு தடவை முடியவில்லை. கல்யாண நாளன்று அண்ணி விளையாட்டாகக் கேட்காமல் நிஜமாகவே கேட்டாள். ஒரு நாள், ஒரே ஒரு ரவுண்டு, ரோட்டு வழியாக. அண்ணன் அதே பதிலைச் சொன்னான். “சரி. உங்க வண்டியோடயே குடும்பம் நடத்துங்க,” என்றாள். நாலு நாள் அவனோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் லிஃப்ட் பழுதுபார்க்கப் போனவன், ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி மோட்டார் அறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. நாற்பத்தொரு வயது.

தொடர்ந்து படித்து வருகிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இவ்வளவு போதும்.

அன்றிலிருந்து வண்டியைத் தெருவுக்குத் தயார் செய்துகொண்டிருந்தது அண்ணனின் தங்கை. தகரம் தட்டி, ஒட்டுப்போட்டு, பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறாள். அண்ணன் அவளுக்கு வைத்த பேர் உப்புத்தாள். கையில் எது கிடைத்தாலும் வழவழவென்று ஆகும்வரை தேய்க்காமல் விட மாட்டாள் என்பதற்காக. வருஷம் போகப் போக அந்தப் பேரே பாதி தேய்ந்து ‘உப்பு’ மட்டும் மிஞ்சியது. இப்போது பட்டறைக்கு வருகிறவர்கள்கூட “உப்பக்கா இருக்காங்களா?” என்றுதான் கேட்கிறார்கள்.

‘ஓட்டாமல் நிறுத்தி வைத்த வண்டி’ என்று அண்ணன் எழுதிக் கொடுத்திருந்த பதிவின் காலம் இந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. அதற்குள் சோதனையில் தேறிவிட்டால் வண்டி அண்ணி பேருக்கு மாறித் தெருவுக்கு வரும். தேறாவிட்டால் பதிவு ரத்து. அதற்கப்புறம் அது பச்சை பெயின்ட் அடித்த இரும்பு, அவ்வளவுதான்.

இன்று செவ்வாய்.

“எனக்கு அதுல ஒரு தடவ உக்காந்து போகணும். லாரில இல்ல, ரோட்ல,” என்று அண்ணி எட்டு மாதத்தில் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். உப்புவுக்கு அது போதுமாக இருந்தது.

சோதனை நிலையத்தில் மூன்று தடங்கள். அவர்களுக்கு மூன்றாவது. பரிசோதகர் ஒல்லியான மனிதர், சட்டைப்பையில் ஒரு சின்ன டார்ச், கழுத்தில் கயிறு கட்டிய மூக்குக்கண்ணாடி. வண்டியைச் சுற்றி ஒரு தடவை மெதுவாக நடந்தார். எதையும் விரலால் தொடவில்லை. புறங்கையால் தொட்டார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“பந்தய வண்டியா?”

“இருந்துது சார். இப்ப ரோட்டு வண்டி,” என்றாள் உப்பு.

“அத நான் சொல்லணும்.”

“சொல்லுங்க சார். அதுக்குத்தான் வந்திருக்கோம்,” என்றார் அப்பா.

“பெரியவர் யாரு?”

“எங்கப்பா. முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டினவர். பேசாம இருக்க மாட்டார். மன்னிச்சுக்குங்க.”

பரிசோதகர் டயரில் ஆரம்பித்தார். திடலில் ஓடும்போது அதற்கு மொட்டை டயர். காய்ந்த தரையில் அட்டையாகப் பிடிக்கும், மழை ஈரம் பட்டால் கதை முடிந்தது. உப்பு நாலையும் மாற்றி, பள்ளம் வெட்டிய ரோட்டு டயர் போட்டிருந்தாள். அவர் ஆழம் அளந்தார், தலையாட்டினார். முன்விளக்கு, பின்விளக்கு, நம்பர் பலகைக்கு மேலே கடுகளவு விளக்கு. பந்தய வண்டியில் இதில் ஒன்றுகூட இருந்ததில்லை. வைப்பர் இருந்ததில்லை. கைபிரேக் இருந்ததில்லை. வேகம் காட்டும் முள்ளைக்கூட எடை குறைய அண்ணன் கழற்றிப் போட்டிருந்தான். ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து உப்பு திரும்ப வைத்திருந்தாள்.

“ஹாரன் அடிங்க.”

அடித்தாள். ‘பீப்’ என்றது.

“இது ஹாரனா? ஆட்டுக்குட்டி தும்மின மாதிரி இருக்கு,” என்றார் அப்பா. “என் பழைய பஸ் ஹாரன மாட்டுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன் சார். கேட்டாத்தானே.”

“மாட்டியிருந்தா இங்கயே ஃபெயில் பண்ணியிருப்பேன்,” என்றார் பரிசோதகர்.

அப்பா வாயை மூடிக்கொண்டார். கால் நிமிஷம்.

பிரேக் சோதனை. தரையில் பதித்த உருளைகள்மேல் சக்கரத்தை ஏற்றிச் சுழலவிட்டார்கள். இடதும் வலதும் ஒரே அளவு பிடிக்க வேண்டும். பிடித்தது. அடுத்தது சத்தம். திடலில் அந்த வண்டி கத்துகிற கத்து இரண்டு தெரு தள்ளிக் கேட்கும். உப்பு இரண்டு சைலன்சர் தொடர்ச்சியாக வைத்து, நடுவில் பஞ்சு அடைத்து, மூன்று வாரம் அதோடு மல்லுக்கட்டியிருந்தாள். பரிசோதகர் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் மைக்கை நிறுத்தி, எஞ்சின் வேகத்தை ஏற்றச் சொன்னார். உறுமியது. கருவியைப் பார்த்தார்.

“ஒரு டெசிபெல் கம்மி. தப்பிச்சீங்க.”

“புகை?” என்றாள் உப்பு.

“அந்த வருஷத்து வண்டிக்கு அந்த வருஷத்துச் சட்டம். இதுக்கு இது போதும்.”

உப்புவுக்கு மூச்சு வந்தது. திரும்பிப் பார்த்தாள். அண்ணி மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம், எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது.

பரிசோதகர் உள்ளே தலையை விட்டார். “சீட்டு ரெண்டா?”

“ரெண்டு சார். முன்ன ஒண்ணுதான். இடதுபக்கத்துது நான் வச்சது. அடியில தகடு பத்தவச்சு, போல்ட் போட்டு.”

அவர் பெல்ட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். பூட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தார். பூட்டிக்கொண்டது.

“நல்ல வேலைம்மா,” என்றார். “இனிமே நம்பர் ஒண்ணுதான்.”

நம்பர் என்றால் வண்டி செய்த இடத்தில் அதன் உடம்பில் குத்திய எண். பதினோரு எழுத்து. பதிவுப் புத்தகத்தில் இருப்பதும் உடம்பில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். உப்பு சிரித்துக்கொண்டே கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் இருந்த அலுமினியத் தகட்டைக் காட்டினாள். வண்டியை இரண்டு தடவை முழுசாக உரித்துப் பெயின்ட் அடித்திருக்கிறாள். இரண்டு தடவையும் அந்தத் தகட்டுக்கு டேப் ஒட்டி, மேலே காகிதம் சுற்றி, கண்ணுக்குள் வைத்துப் பாதுகாத்திருக்கிறாள்.

பரிசோதகர் படித்தார். புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார்.

“இது சரி. ஆனா இது ரெண்டு ரிவெட்ல நிக்கற தகடு. கழட்டி எந்த வண்டில வேணா ஒட்டலாம். எனக்கு உடம்புல குத்தினது வேணும்.”

“உடம்புலயா?”

“இந்த மாடலுக்கு எஞ்சின் ரூம்ல, வலது ஷாக் அப்சார்பர் உக்காருற மேட்டுல இருக்கும். பானெட்டைத் திறங்க.”

திறந்தாள்.

வலதுபக்க மேடு கண்ணாடி மாதிரி இருந்தது. பச்சையில் கூரையின் குழல்விளக்கு வளையாமல் நேர்க்கோடாகத் தெரிந்தது. அவர் டார்ச் அடித்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். புறங்கையால் தடவினார். பிறகு பையிலிருந்து, துணி சுற்றிய சின்னக் காந்தம் ஒன்றை எடுத்து மேட்டின் ஓரத்தில் வைத்தார். ஒட்டியது. உள்ளங்கை அகலம் நடுப்பக்கமாக நகர்த்தினார்.

காந்தம் விழுந்தது.

“இங்க இரும்பு இல்ல, பட்டி,” என்றார். “கீழ தேய்ச்சிருக்காங்க. மேல பட்டி போட்டு மூடியிருக்காங்க.”

உப்பு அதற்கு முன்பே பானெட்டிலிருந்து கையை எடுத்துவிட்டிருந்தாள். அவளுக்கு அந்த இடம் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பட்டறை உரிமம் வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. சொந்தப் பலகை, சொந்தப் பேர், எதைத் தொட்டாலும் பொன்னாகும் என்கிற திமிர். எஞ்சின் அறை முழுக்கத் துரு, அதைச் சுத்தம் செய்து கொடு என்று அண்ணன் வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான். வலது மேட்டில் பெயின்ட் கனமாகக் கட்டியிருந்தது. உரித்தால் கீழே வரிசையாகக் குழி குழியாக இருந்தது. துரு அரித்த குழி என்று நினைத்தாள். வரிசையாக இருக்கிறதே என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. துரு எப்படி வரிசை கட்டும் என்று நின்று யோசிக்கவில்லை. சாணைக்கல் வைத்துச் சமமாக்கி, பட்டி போட்டு, எண்பதாம் நம்பர் முரட்டுத்தாளில் ஆரம்பித்து இரண்டாயிரம் வரைக்கும் உப்புத்தாள் மாற்றி மாற்றித் தேய்த்தாள்.

சாயங்காலம் அண்ணன் வந்தான். பானெட்டைத் திறந்து பார்த்தான். அந்த மேட்டின்மேல் கையை வைத்தான். எடுக்கவேயில்லை. ரொம்ப நேரம் தடவிக்கொண்டே நின்றான்.

“எப்படி?” என்று கேட்டாள் அவள்.

“கண்ணாடி மாதிரி இருக்குடி உப்பு,” என்றான்.

ரசிக்கிறான் என்று நினைத்தாள். நாலு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா ஆச்சு?” அண்ணி மஞ்சள் கோட்டைத் தாண்டி வந்துவிட்டிருந்தாள்.

“நம்பர் இல்லைங்க,” என்றார் பரிசோதகர். “நம்பர் இல்லாத வண்டிக்கு நான் கையெழுத்துப் போட முடியாது. ஒரு நிமிஷம். இந்தப் பதிவுல பழைய விண்ணப்பம் ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்.”

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த கணினியில் அவர் தட்டினார். மூன்று பேரும் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். அவர் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது உப்புவுக்கு அப்போது உறைக்கவில்லை.

“இருக்கு,” என்றார் பரிசோதகர். “மூணே முக்கால் வருஷத்துக்கு முன்ன. நம்பர் திரும்பக் குத்தித் தரச் சொல்லி, உரிமையாளரே போட்டது. ரெண்டு பக்கம்.”

அச்சு எடுத்து நீட்டினார். முதல் பக்கத்தை அண்ணி வாங்கிக்கொண்டாள்.

அண்ணி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். டாக்டர்களின் கிறுக்கலையே படித்துப் பழகியவளுக்குப் புருஷன் கையெழுத்து எம்மாத்திரம். சத்தமாகவே படித்தாள்.

“‘துரு என்று தவறாக நினைத்து, உரிமையாளராகிய நானே தேய்த்துவிட்டேன்.’ அவரேவா?” நிமிர்ந்தாள். “அவரே தேய்ச்சாரா?”

அப்பா மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

“அப்போ ரோட்டுக்கு ஆகாதுன்னு சொன்னது இதுக்குத்தானா? நம்பர் போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?” கண் மறுபடி காகிதத்துக்குப் போனது. “சாட்சி... மாமா, இது உங்க கையெழுத்து.”

“போடுன்னான். போட்டேன்,” என்றார் அப்பா. “படிக்கலம்மா.”

அண்ணி அவரை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தொடர்ந்து படித்தாள். இப்போது சத்தமில்லாமல். பாதியில் அவள் விரல் நின்றது. உப்பு எட்டிப் பார்த்தாள்.

உபயோகம்: குடும்பம்.

இருக்கைகள்: 2. அதற்குப் பக்கத்தில் கட்டத்துக்கு வெளியே, நெருக்கி எழுதியிருந்தான். ‘இரண்டாவது இருக்கை பொருத்தப்படும்.’

அண்ணி காகிதத்தை நாலாக மடித்தாள். மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்தாள். பிறகு எதுவும் சொல்லாமல் வெளியே நடந்தாள். அதற்குள் தடத்திலிருந்து முற்றத்துக்குத் தள்ளி நிறுத்தியிருந்த வண்டியின் இடதுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொள்வது கண்ணாடி வழியே தெரிந்தது.

இரண்டாம் பக்கம் உப்புவின் கையில் இருந்தது. அது அலுவலகத்தின் பதில். நாலே வரி.

‘இணைத்துள்ள புகைப்படத்தில் காணும் வேலை மிகச் சுத்தமானது, பயிற்சி பெற்ற கையால் செய்யப்பட்டது. உரிமையாளர் தானே செய்ததாகக் கூறுவதை ஏற்க இயலவில்லை. வேலை செய்தவரின் பெயர், பட்டறை உரிம எண் ஆகியவற்றுடன் வாக்குமூலம் இணைக்கவும்.’

கீழே: ‘பதில் வரவில்லை. விண்ணப்பம் முடிக்கப்பட்டது.’

“இப்ப என்ன பண்ணணும் சார்?” என்றாள் உப்பு.

“வெள்ளிக்கிழமை சாயந்தரத்துக்குள்ள வாரிசு புதுசா விண்ணப்பம் போடலாம். தேய்ச்ச ஆளு வாக்குமூலம் குடுக்கணும். அதுக்கப்புறம் அந்த இடத்துல ஆசிட் வச்சுப் பாப்போம். குத்தின எழுத்து இரும்புக்குள்ள ஆழமா இறங்கியிருக்கும். மேல தேய்ச்சாலும் சில சமயம் நெழல் மாதிரி எழும்பி வரும். வந்தா, திரும்பக் குத்திக் குடுத்துடுவோம்.”

“தேய்ச்ச ஆளுக்கு?”

“உரிமம் வச்சிருக்கறவங்களா?” கண்ணாடியைக் கழற்றினார். அவளுடைய கைகளைப் பார்த்தார். நகத்துக்கடியில் என்றைக்கும் போகாத சாம்பல் நிறம். அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். “விசாரணை உண்டும்மா. வண்டி நம்பர அழிக்கறது சின்ன விஷயமில்ல. தெரியாம செஞ்சதுன்னு அவங்க நம்பினா சரி. நம்பலன்னா உரிமம் போயிடும்.”

படிவங்களைத் தள்ளினார். வாரிசுக்கு ஒன்று, வாக்குமூலத்துக்கு ஒன்று. அடுத்த வண்டியைக் கூப்பிடப் போய்விட்டார்.

அப்பா அவள் முழங்கையைப் பிடித்து, தண்ணீர்க் குழாய் இருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

“வாயத் தெறக்காத.”

“உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“நாலு வருஷமா?”

“அன்னிக்கு ராத்திரியே சொன்னான். ‘சின்னது இப்பத்தான் போர்டு மாட்டியிருக்கு. இத எழுதிக் குடுத்தா கழட்டிடுவாங்க. அவளுக்குத் தெரிஞ்சா தானா போய் எழுதிக் குடுத்துடுவா, அவளுக்கும் சொல்லாதீங்க’ன்னான். தான் தேய்ச்சதா எழுதிப் பாத்தான். அவனுங்க நம்பல. சரி, திடல்லயே ஓட்டிக்கறேன்னு விட்டுட்டான்.”

“அண்ணிகிட்டயாவது சொல்லியிருக்கலாமே?”

“உங்க அண்ணி வயித்துல ஒண்ணு தங்குமா? மறுநாளே உன்கிட்ட வந்திருக்கும்.” அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. அவனே தேய்ச்சதாத்தான் எழுதியிருக்கு. அப்படியே இருக்கட்டும். போனவன் மேல எத்தன பழி வேணா போடலாம், அவனுக்கு வலிக்காது. உனக்கு வலிக்கும்.”

“வண்டி?”

“வண்டி போனா போகுது.”

“அண்ணிக்கு வலிக்காதா?”

அப்பா குழாயைத் திறந்தார். கையை நனைத்தார். மூடினார். ஒரு பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த மனிதன் இன்னொன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார், அவ்வளவுதான். உப்புவுக்கு அது புரிந்தது. புரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

அவள் முற்றத்துக்குப் போனாள்.

அண்ணி இடது இருக்கையில் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஓடாத வண்டியில் பெல்ட். உப்பு மறுபக்கம் ஏறி, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். முன்கண்ணாடி வழியே மதில் சுவர் தெரிந்தது. சுவரில் ‘இங்கு நிறுத்தாதீர்’ என்று எழுதியிருந்தது.

“சீட்டு நல்லா இருக்கு,” என்றாள் அண்ணி. “கொஞ்சம் தாழ.”

“அண்ணி, அண்ணன் தேய்க்கல.”

அண்ணி திரும்பவில்லை.

“நான் தேய்ச்சேன். துருன்னு நெனச்சு. என் லைசென்ஸ் போயிடக் கூடாதுன்னு, தானே செஞ்சதா எழுதியிருக்கான். அவங்க நம்பல. செஞ்சவங்க பேர் கேட்டிருக்காங்க. அவன் பதிலே போடல.” இரண்டாம் பக்கத்தை நீட்டினாள்.

அண்ணி வாங்கிப் படித்தாள். நாலு வரி படிக்க அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகாது. ஆயிற்று.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“இன்னிக்கு. காந்தம் விழுந்தப்ப.”

“மாமாவுக்கு?”

உப்பு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “அப்பவே.”

மூன்றாம் தடத்தில் வேறு ஏதோ வண்டியின் ஹாரனைச் சோதித்தார்கள். இரண்டு தடவை அடித்தது.

“நான் என்னன்னு நெனச்சேன் தெரியுமா?” என்றாள் அண்ணி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. “இதுக்குள்ள அவருக்கு ஒரு தனி உலகம் இருக்கு, அதுல நான் வரக் கூடாதுன்னு நெனைக்கறாருன்னு நெனச்சேன். சக்களத்தின்னு சொன்னதெல்லாம் விளையாட்டுன்னு நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. பாதிதான் விளையாட்டு. மீதிய நான் நம்பினேன்.”

“அண்ணி...”

“கடைசி நாள் காலைல செருப்பு மாட்டிக்கிட்டே ‘வரேன்’னாரு. எனக்குக் கேட்டுது. நல்லாவே கேட்டுது. பாத்திரத்தத் தேய்ச்சுக்கிட்டே இருந்தேன். திரும்பல.” பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். “வாசல்ல கொஞ்ச நேரம் நின்னாரு. அதுவும் தெரிஞ்சுது.”

உப்புவுக்கு அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்று இருந்தது.

“என்னத் திட்டுங்க அண்ணி. அறையக்கூடச் செய்யுங்க.”

“திட்டினா உனக்கு லேசாயிடும்,” என்றாள் அண்ணி. “மாட்டேன்.”

உப்பு மடியில் வைத்து வாக்குமூலப் படிவத்தை எழுத ஆரம்பித்தாள். தேதி. இடம். வேலை செய்த நாள். ‘செய்தவர்’ என்ற இடத்தில் முழுப்பேரை எழுதினாள். உப்பு என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, அந்த முழுப்பேர் அவளுக்கே அன்னியமாகத் தெரிந்தது. உரிம எண்ணைப் பார்க்காமலே எழுதினாள், அது மனப்பாடம். ‘எவ்வாறு நிகழ்ந்தது’ என்பதற்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். ‘குழிகள் வரிசையாக இருந்தன. எனக்கு அது தோன்றியது. நான் நின்று பார்க்கவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அதைப் படித்தால் தெரியாமல் செய்தது என்று யாரும் நம்ப மாட்டார்கள். பரவாயில்லை. நடந்தது அதுதான்.

“இது என்னுது. இது வாரிசுக்கு. நீங்க கையெழுத்துப் போட்டாத்தான் என்னுது செல்லும்,” என்று இரண்டையும் நீட்டினாள்.

அண்ணி வாங்கிக்கொண்டாள். உப்புவின் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பேனா கேட்கவில்லை. இரண்டு காகிதத்தையும் அண்ணன் எழுதியதோடு சேர்த்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்தாள். பெல்ட்டை அவிழ்த்து இறங்கினாள்.

“அண்ணி, எங்க போறீங்க? லாரி வந்துரும்.”

“இன்னொரு தடவ என்ன லாரில ஏத்தாத.”

வாசலைத் தாண்டினாள். உப்பு பின்னாலேயே ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் அண்ணி நின்றாள், வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நான் இதுல கையெழுத்துப் போட்டா உன் பட்டற போகும். அவர் நாலு வருஷம் கட்டிக் காத்தத நான் ஒரு கையெழுத்துல ஒடச்ச மாதிரி ஆகும். போடலன்னா வண்டி போகும். அவர் எனக்குன்னு சீட்டு வைக்க நெனச்ச வண்டி. யோசிச்சுப் பாரு, எவ்வளவு அழகா என் கைல குடுத்துட்டுப் போயிருக்காருன்னு.”

“நீங்க போடுங்க அண்ணி. பட்டற போனா போகுது.”

“அது என் பாடு.” பஸ் நெருங்கியது. அப்போதுதான் அண்ணி அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். “நம்பரத் திருப்பிக் குத்திக் குடுத்துடுவாங்க, சரி. பேசாம இருந்த அந்த நாலு நாளுக்கு நான் எந்தக் கவுன்ட்டர்ல போய் நிக்கறது? சொல்லு.”

பஸ் நின்றது. ஏறினாள். கதவு மூடிக்கொண்டது.

அப்பா மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது நிறுத்தத்தில் உப்பு மட்டும் நின்றிருந்தாள்.

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“போட்டாளா கையெழுத்து?”

“இல்ல.”

“கிழிச்சாளா?”

“இல்ல. எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க.”

அப்பா கண்ணை இடுக்கி, தூரத்தில் வளைவில் திரும்பிக்கொண்டிருந்த பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தார். முப்பத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவருக்கு எண் பலகை தேவையில்லை, திரும்புகிற பக்கமே போதும்.

“அது நம்ம வீட்டுப் பக்கம் போற பஸ் இல்லடி,” என்றார்.